‘அக்சுவலி’ படுகிற பாடு

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. பேச்சு வழக்கை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறோம். – மலர்க்குழு)



செயலாளர் அண்ணை போன கிழமை ரெலிபோன் எடுத்து, “தம்பி, இந்த முறை நீர்தான் பேசவேணும்” எண்டார். நான் பேச்சாளன் அல்ல. சென் லோறோனில் ஒரு பிளாஸ்ரிக் பக்ரறியில் இரவு வேலை செய்கிறவன். படிப்பும் ஏ.எல். மட்டும்தான். 2006ஆம் ஆண்டு ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட்டபோது நான் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வகுப்பில் இருந்தேன். அதோடு பள்ளிக்கூடம் முடிஞ்சுது. ஆகவே இலக்கியம், அரசியல் எண்டு பெரிய விசயங்கள் பேச என்னால் ஏலாது. ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசலாம் எண்டு வந்திருக்கிறன். அந்தச் சொல் ‘அக்சுவலி’.

ஏன் சிரிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். இந்த மண்டபத்துக்குள் வந்த பிறகே எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்பியள்! அண்டைக்கு வான் ஹோர்ன் வழியா ஓடுற 161 பஸ்ஸில் போகேக்க, எனக்கு முன்னால் எங்கட ஆக்கள் இரண்டு பேர். பிளமொண்டனில் ஏறினவை ஊற்றிமோனில் இறங்குமட்டும் நான் எண்ணிக்கொண்டு வந்தனான். பதினொரு தரம். “அக்சுவலி மச்சான், நேற்று நான் வேலைக்குப் போகேல்லை.” “அக்சுவலா அவன்ர மனிசி ரொறன்ரோவில.” “அக்சுவலி இந்தக் கத்தரிக்காய் சரியில்லை.” பதினொன்றில் ஒரு ஒன்பது இடத்திலாவது அந்தச் சொல்லுக்கு ஒரு வேலையும் இல்லை. ஊரில் எண்டால் அதே இடத்தில் ‘என்னெண்டால்’ எண்டு சொல்லியிருப்பம். ‘அது வந்து பாருங்கோ’ எண்டு இழுத்திருப்பம். அதாவது, தொண்டையைச் செருமிக்கொண்டு கதையைத் தொடங்குகிற மாதிரி. கேட்கிறவர் “சரி, ஏதோ சொல்லப் போகினம்” எண்டு காதைக் கொடுப்பார். அவ்வளவுதான்.

எங்களுக்குள் கதைக்கேக்க இதால் ஒரு கேடும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காதில் இந்தச் சொல் சும்மா போய் விழுவதில்லை. ‘நீ நினைச்சிருக்கிறது வேற, விசயம் வேற’ எண்ட ஒரு செய்தியை அது கூடவே கொண்டுபோகும். ‘ஹி இஸ் எ ரீச்சர்’ எண்டு சொன்னால் அவர் ஆசிரியர், முடிஞ்சுது. ‘அக்சுவலி, ஹி இஸ் எ ரீச்சர்’ எண்டு சொன்னால், நீங்கள் அவரைக் கடைக்காரர் எண்டு நினைச்சியள், அல்லது ஆரோ உங்களுக்குப் பிழையாகச் சொல்லிப்போட்டினம், இப்ப நான் திருத்துறன் எண்டு அர்த்தம் வரும். கேட்கிறவர் உடனே யோசிப்பார்: இதுக்கு முதல் எனக்கு என்ன சொல்லப்பட்டது? ஆர் சொன்னது?

சொல் நிற்கிற இடத்தைப் பொறுத்தும் பொருள் மாறும். வசனத்தின் தொடக்கத்தில் நிண்டால் கதையைத் திருப்பும், திருத்தும். நடுவில் நிண்டால், ‘ஹி அக்சுவலி கேம்’ எண்டால், வரமாட்டார் எண்டு நினைச்சிருந்தம், ஆனால் மனிசன் வந்தேவிட்டார். எங்கட ‘வந்தவர்தான்’, ‘மெய்யா வந்தவர்’ எண்டதுக்குக் கிட்ட. கடைசியில் நிண்டால் பெரும்பாலும் சொல்லுற விசயத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும். ‘ஐ டோன்ற் ஈற் மீற், அக்சுவலி’ எண்டு ஒருவர் சொன்னால், உங்கட மனதை நோகடிக்காமல், நான் இறைச்சி சாப்பிடுறேல்லை எண்டு சொல்லுறார்.

இந்தக் கடைசி விசயத்தைப் பெற்றோர் வடிவாக் கவனிக்கவேணும். எங்கட பிள்ளையள் 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கினம். ஆங்கிலத்தை ரீவியில், கணனியில், விளையாட்டு மைதானத்தில் பொறுக்கினம். என்ர மகளுக்கு ஏழு வயது. “பிட்டு வைச்சிருக்கு, வாங்கோ” எண்டால், “அக்சுவலி அப்பா, எனக்கு இப்ப பசிக்கேல்லை” எண்டுவா. இதைக் கேட்டு என்ர மாமியாருக்குக் கோபம் வரும். “என்ன இது, பெரியாக்களுக்கு எதிர்த்துக் கதைக்குது!” அவவுக்கு அது ‘நீங்கள் பிழை’ எண்டு கேட்குது. பிள்ளை சொன்னதோ மரியாதையான ‘வேண்டாம்’. வெறுமனே ‘நோ’ எண்டு சொல்லியிருந்தால்தான் அது வெட்டிப் பேசுறது. ஆனால் ஒண்டு, அதே பிள்ளை “அக்சுவலி அப்பா, அது அப்பிடியில்லை” எண்டு என்ர பிரெஞ்சு உச்சரிப்பைத் திருத்தேக்க, அது திருத்தம்தான். அதில் மெதுவும் இல்லை, ஒண்டும் இல்லை! (சிரிப்பு)

இதெல்லாம் ஆங்கிலத்தோடு முடிஞ்சிருந்தால் நான் இண்டைக்கு இங்க நிண்டு பேசத் தேவையில்லை. நாங்கள் இருக்கிறது மொன்றியலில். இஞ்ச இந்தச் சொல்லுக்கு ஒரு சகோதரி இருக்கிறா. முகம் ஒரே மாதிரி, குணம் வேற. பிரெஞ்சில் ‘அக்சுவெல்மோன்’. அதின்ர பொருள் ‘தற்போது’, ‘இப்ப’. ‘உண்மையில்’ எண்ட பொருள் அதுக்கு இல்லை.

இரண்டும் லத்தீன் மொழியில் ‘செயல்’ எண்டு பொருள்படுகிற ஒரே வேரில் இருந்து வந்த சொற்கள். செயலில் உள்ளது எதுவோ அதுதான் உண்மை எண்டு ஆங்கிலம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. செயலில் உள்ளது எதுவோ அதுதான் இப்ப நடக்கிறது எண்டு பிரெஞ்சு மற்றப் பக்கம் போனது. பிரெஞ்சு மட்டுமில்லை. ஜேர்மனியில், சுவிசில் இருக்கிற உங்கட சொந்தக்காரரைக் கேட்டுப்பாருங்கோ. ‘அக்துவெல்’ எண்டால் தற்போதைய எண்டு சொல்லுவினம். இத்தாலியில், ஸ்பெயினில் உள்ள சொற்களும் பிரெஞ்சின்ர பக்கம்தான். ஆங்கிலம்தான் தனிய நிக்குது. ஒரு குடும்பத்தில் ஒருவர் லண்டனில், ஒருவர் சூரிச்சில், ஒருவர் பாரிசில், ஒருவர் மொன்றியலில் எண்டு சிதறிப்போயிருக்கிற எங்களுக்கு, ஒரு சொல் இப்பிடிச் சிதறிப்போனது பெரிய அதிசயமாகத் தெரியாது.

இதால் என்ன வரும்? எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை, முந்தி ஒரு பக்ரறியில் வேலை. போர்மன் லாக் சென்-ஜோன் பக்கத்துக் கியூபெக்காரர், நல்ல மனிசன். அண்ணைக்குப் பிரெஞ்சு வராது எண்டு கஸ்ரப்பட்டு ஆங்கிலத்தில் கதைப்பார். ஒரு தை மாதம் ஓடர் குறைஞ்சுபோச்சு. போர்மன் அண்ணையைக் கூப்பிட்டு, ‘அக்சுவலி, வி ஹாவ் நோ வேர்க்’ எண்டு சொல்லியிருக்கிறார். அந்த மனிசன் பிரெஞ்சில் நினைச்சு ஆங்கிலத்தில் சொன்னது: இப்போதைக்கு வேலை இல்லை. எங்கட அண்ணை ஊரில் படிச்ச ஆங்கிலத்தில் கேட்டது: உண்மையைச் சொன்னால் உனக்கு இங்க வேலை இல்லை. அண்ணை சப்பாத்தையும் லொக்கர் திறப்பையும் மேசையில் வைச்சுப்போட்டு வந்திட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு போர்மன் ரெலிபோன் எடுத்து, “ஏன் காணேல்லை?” எண்டு கேட்கேக்க, அண்ணை லவாலில் வேற இடத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் குறைவான சம்பளத்தில் சேர்ந்திட்டார். இதில் ஆரைக் குறை சொல்லுறது? இரண்டு பேரும் நல்லெண்ணத்தில்தான் கதைச்சவை.

இன்னொருவருக்கு நடந்தது கடதாசியில். மாகாண அலுவலகம் ஒன்றின் படிவம். அதில் ‘அட்றெஸ் அக்சுவெல்’ எண்டு ஒரு கட்டம். ஆங்கிலம் தெரிஞ்ச எங்கட ஆளுக்கு அது ‘உண்மையான விலாசம்’ எண்டு பட்டுது. இஞ்ச இருக்கிறது மூண்டு பேரோட வாடகைக்கு எடுத்த ஒரு நிலக்கீழ் அறை. அதை உண்மையான விலாசம் எண்டு சொல்ல அவருக்கு மனம் வரேல்லை. வீட்டு இலக்கத்தோட, தபாற்கந்தோரோட, கிளிநொச்சியில் உள்ள தன்ர சொந்த வீட்டு விலாசத்தை வடிவான கையெழுத்தில் எழுதிக் குடுத்திட்டார். மூண்டு மாதம் ஒரு கடிதமும் இல்லை. அவர் எழுதினதை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் சிரிப்பு வராது. ஆனால் படிவம் கேட்டது அவர் இப்ப எங்க படுக்கிறார் எண்டதைத்தான்.

2022இல் வந்த 96ஆம் சட்டத்துக்குப் பிறகு இது இன்னும் முக்கியம். 2023 ஆனியில் இருந்து, புதிதாக வந்தவருக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மாகாண அரசாங்கம் பிரெஞ்சில்தான் எழுதும். சுகாதாரம், பாதுகாப்பு, இயற்கை நீதி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு இருக்கு. முந்தி வந்த அண்ணைமார், அக்காமார் கோஃபியில் படிச்சவை. சம்பளம் மாதிரி ஒரு உதவிப் பணத்தோட மாதக்கணக்கில் பிரெஞ்சு படிச்ச கதையை இப்பவும் சொல்லுவினம். கோஃபியை 2000ஆம் ஆண்டோட மூடிப்போட்டினம். இப்ப ‘பிரான்சிசாசியோன் கெபெக்’ எண்டு ஒரே வாசலாக்கி வைச்சிருக்கினம். இரவு வேலை செய்கிறவன் பகலில் கண் விழிச்சுப் படிக்கிறது லேசான காரியமில்லை, நான் அதில் நிண்டுதான் கதைக்கிறன். எண்டாலும் போங்கோ.

இன்னொரு விசயத்தையும் கவனிச்சிருப்பியள். கியூபெக்காரர் ‘அக்சுவெல்மோன்’ எண்டதைவிட ‘பிறெசோன்த்மோன்’ எண்டுதான் கனக்கச் சொல்லுவினம். அதுவும் ‘இப்ப’தான். எங்கட பழைய ஆங்கில வாத்திமாரிட்டைப் படிச்சவைக்கு ‘பிறெசென்ற்லி’ எண்டால் ‘இன்னும் கொஞ்ச நேரத்தில்’. ‘ஹி வில் கம் பிறெசென்ற்லி.’ வட அமெரிக்காவில் அதே ஆங்கிலச் சொல்லுக்கு ‘இப்ப’ எண்டுதான் பொருள் எடுப்பினம். ஆகவே கடலைக் கடக்கேக்க சொல்லும் உடுப்பு மாத்துது.

இவை எல்லாத்திலும் பொல்லாதது வேற ஒரு சோடி. ஆங்கிலத்தில் ‘இவென்சுவலி’ எண்டால் சுணங்கினாலும் கடைசியில் கட்டாயம் நடக்கும். பிரெஞ்சில் ‘எவோன்சுவெல்மோன்’ எண்டால் நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் விடலாம். எங்கட ‘பாப்பம்’ மாதிரி. வேலை குறைஞ்சு வீட்டுக்கு அனுப்பேக்க, ‘எவோன்சுவெல்மோன் கூப்பிடுவம்’ எண்டு சொல்லியிருந்தால், ரெலிபோனுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்காமல் அடுத்த நாளே வேற வேலை தேடுங்கோ. சில கியூபெக்காரரே ஆங்கிலத்தைப் பார்த்து இந்தச் சொல்லை ஆங்கிலப் பொருளில் பாவிக்கினம், அது இன்னும் குழப்பம். எனவே கேளுங்கோ: ‘எந்தத் திகதி?’ திகதி சொல்லாவிட்டால் அது ‘பாப்பம்’.

அப்ப ‘உண்மையில்’ எண்டதுக்குப் பிரெஞ்சில் என்ன? எதிர்பார்த்ததுக்கு மாறாகச் சொல்ல ‘ஒன் பெத்’. பிள்ளையள் வாய்க்கு வாய் அதைத்தான் சொல்லுவினம். மற்றவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள ‘ஒன் எஃபே’, ‘எஃபெக்தீவ்மோன்’. அதுகள் எங்கட ‘ஓம், மெய்தான்’. வங்கியில் அந்தப் பெண் ‘எஃபெக்தீவ்மோன்’ எண்டு தலையாட்டினால் உங்களோட ஒத்துப்போறா எண்டு சந்தோசப்படுங்கோ. ஆச்சரியத்துக்கு ‘வ்றெமோன்?’ அல்லது இஞ்சத்தை ஆக்கள் சொல்லுற ‘பூர் வ்றே?’ ஆங்கிலத்தில் ‘றியலி?’ நாங்கள் ஊரில் இருந்து கொண்டுவந்த ‘இஸ் இற்?’ எண்டதை இஞ்சத்தை ஆங்கிலேயர் ஒரு மாதிரிப் பார்ப்பினம். அது எங்கட ‘அப்பிடியோ?’வின் மொழிபெயர்ப்பு எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வாறன். இங்க இன்னும் கேஸ் முடியாத ஆக்கள் இருக்கிறியள். ஊரில் இருந்து இப்பவும் வந்துகொண்டிருக்கிறவையும் இருக்கினம். அவைக்காகத்தான் இந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொண்டனான்.

அகதி விசாரணை ஏன் வாயால் நடக்குது எண்டு பலருக்குத் தெரியாது. 1985க்கு முதல், கோரிக்கை வைக்கிறவரை ஒரு அதிகாரி விசாரிச்சு, அந்தக் கடதாசியை அனுப்பினால், முடிவெடுக்கிறவர் இவர் முகத்தைப் பார்க்காமலே முடிவெடுப்பார். 1985 சித்திரை 4ஆம் திகதி, சிங் வழக்கில், கனடாவின் உயர் நீதிமன்றம் அது சரியில்லை, நம்பகத்தன்மை பற்றிய கேள்வி இருந்தால் ஆளை நேரில் கேட்கவேணும் எண்டு தீர்ப்புச் சொன்னது. எங்கட புத்தாண்டுக்குப் பத்து நாள் முந்தி வாற அந்தத் திகதியைத்தான் இங்க அகதிகள் உரிமை நாள் எண்டு நினைவுகூருகினம். 1989 தை 1ஆம் திகதி குடிவரவு அகதிகள் சபை தொடங்கினது. நாங்கள் ‘ஜட்ஜ்’ எண்டு சொல்லுறவர் அந்தச் சபையின் உறுப்பினர். நேரில் கேட்கச் சொன்னது பெரிய உரிமை. ஆனால் நேரில் கேட்டால், அவர் கேட்கிறது உங்கட வாயில் இருந்து வாற தமிழை இல்லை. மொழிபெயர்ப்பாளர் வாயில் இருந்து வாற ஆங்கிலத்தை, அல்லது பிரெஞ்சை.

ஒரு தம்பியின்ர விசாரணை. ஊர், பேர் சொல்லமாட்டன். அவரிட்டைக் கேட்டுத்தான் இதைச் சொல்லுறன். “இரவு உம்மைத் தேடி வீட்டுக்கு வந்தவை ஆர்?” எண்டு கேட்டிருக்கினம். தம்பி சொன்னவர்: “ஆர் எண்டு வடிவாத் தெரியாது.” எங்களுக்கு இது எவ்வளவு தெளிவான வசனம்! கொஞ்சம் தெரியும், நிச்சயமாச் சொல்ல ஏலாது. யாழ்ப்பாணத் தமிழில் ‘வடிவா’ எண்டால் ‘நல்லா, சரியா, தெளிவா’. தமிழ்நாட்டுத் தமிழில் வடிவு எண்டால் உருவம், அழகு. அந்த மொழிபெயர்ப்பாளர் எந்த ஊர் எண்டு எனக்குத் தெரியாது. அவர் சொன்னது: ‘ஐ றியலி டோன்ற் நோ.’

‘ஐ டோன்ற் றியலி நோ’ எண்டு சொல்லியிருந்தால் சரி. அது வடிவாத் தெரியாது. ‘ஐ றியலி டோன்ற் நோ’ எண்டால் சத்தியமா எனக்கு ஒண்டுமே தெரியாது. ‘றியலி’ எண்ட சொல்லை ஒரு அடி முன்னுக்கு வைச்சால் சத்தியம், ஒரு அடி பின்னுக்கு வைச்சால் சந்தேகம். ஒரு சொல், இரண்டு இடம், இரண்டு கதை.

பிறகு கேட்டினம், “வந்தவை எப்பிடி உடுத்திருந்தவை?” தம்பி சொன்னவர்: “சிவில் உடுப்பு. ஆனால் ஒருவர் கதைச்சதைப் பார்த்தால் ஆமிக்காம்பில் நிண்ட ஆள் போல கிடந்தது.” உறுப்பினர் பேனையைக் கீழே வைச்சார். “முதலில் உமக்கு ஒண்டுமே தெரியாது எண்டு சொன்னீர்.” தம்பி திகைச்சுப்போனார். “என்னெண்டால் ஐயா, முகம் தெரியேல்லை, அப்பாதான் கதவைத் திறந்தவர்” எண்டார். அந்த ‘என்னெண்டால்’ ஆங்கிலத்தில் ‘அக்சுவலி’யாகப் போனது. இப்ப நான் முதல் சொன்னதை நினைச்சுப்பாருங்கோ. முதல் ஒண்டுமே தெரியாது எண்டவர், இப்ப ‘அக்சுவலி’ எண்டு தொடங்கிறார். கேட்கிறவருக்கு அது கதையை மாத்திறது. ‘அப்பாதான்’ எண்டது ‘ஒன்லி மை ஃபாதர்’ ஆனது. தம்பி சொன்னது: கதவைத் திறந்தது நானில்லை, அப்பா. அங்க கேட்டது: அப்பாவைத் தவிர கதவடியில் ஒருவரும் இல்லை. படிவத்தில் அம்மாவும் கதவடிக்கு வந்தவ எண்டு எழுதியிருக்கு. மூண்டு சின்னச் சொல். வடிவா, என்னெண்டால், தான். மூண்டும் உண்மை. மூண்டும் சேர்ந்து ஒரு பொய்க்காரனை உருவாக்கிப்போட்டுது.

மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல நான் வரேல்லை. நாள் முழுக்க மற்றவரின் துன்பத்தை ஒரு பாசையில் வாங்கி இன்னொரு பாசையில் குடுக்கிறது லேசில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்லுது எண்டு தெரிஞ்சிருக்கவேணும். 1994இல் ட்ரான் எண்ட வழக்கு, வியட்நாம் மொழி பேசுகிற ஒருவர் சம்பந்தப்பட்ட குற்றவியல் வழக்கு. மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் சொல்லாமல் சுருக்கிச் சொல்லிப்போட்டார். உயர் நீதிமன்றம் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. மொழிபெயர்ப்பு இடைவிடாமல் இருக்கவேணும், துல்லியமாக இருக்கவேணும், பக்கம் சாராமல், திறமையாக, உடனுக்குடன் இருக்கவேணும் எண்டும் சொன்னது. 2001இல் மொகமாடியன் வழக்கில், மேன்முறையீட்டுக்கான சமஷ்டி நீதிமன்றம் அந்த அளவுகோல் அகதி விசாரணைக்கும் பொருந்தும் எண்டது. அவர் ஈரானில் இருந்து வந்த குர்தியர். ஆனால் அவர் தோற்றுப்போனார். ஏன் தெரியுமோ? மொழிபெயர்ப்பில் பிழை எண்டு அவர் விசாரணையில் சொல்லேல்லை, முடிவு வந்த பிறகுதான் சொன்னவர். பிழை தெரிஞ்சால் முதற் சந்தர்ப்பத்திலேயே சொல்லவேணும் எண்டது தீர்ப்பு.

இதை இரண்டு தரம் சொல்லுறன். பிழை தெரிஞ்சால் அந்த இடத்திலேயே சொல்லுங்கோ. பெரியாக்களுக்கு முன்னால் குறுக்கே கதைக்கிறது மரியாதையில்லை எண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மரியாதையை அண்டைக்கு ஒருநாள் வீட்டில் விட்டுட்டுப் போங்கோ. கையை உயர்த்தி, “நான் சொன்னது அப்பிடியில்லை” எண்டு தமிழிலேயே சொன்னால் காணும்.

தம்பியின்ர லோயர் ஒரு பெண்பிள்ளை, தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் படிவத்தைக் கரைச்சுக் குடிச்சிருந்தவ. முகம் சரியாகத் தெரியேல்லை எண்டு அதில் எழுதியிருக்கே, ஒண்டுமே தெரியாது எண்டு இவர் எப்பிடிச் சொல்லுவார் எண்டு யோசிச்சு, உடனே நிப்பாட்டி, அந்தக் கேள்வியையும் மறுமொழியையும் திரும்பக் கேட்கச் சொன்னா. தம்பி இந்த முறை ‘வடிவா’வை விட்டிட்டு, “இருட்டு. முகம் காணேல்லை. குரல் கேட்டது. அந்தக் குரலை முந்தி ஆமிக்காம்பு வாசலில் கேட்டிருக்கிறன். அம்மா அப்பாவுக்குப் பின்னால் நிண்டவ” எண்டார். ஐந்து நிமிசம்தான் போனது. தம்பி இண்டைக்கு இந்த மண்டபத்தில் இருக்கிறார். எந்த வரிசை எண்டு கேட்காதேங்கோ.

செய்யக்கூடியது வேறையும் இருக்கு. படிவத்தில் மொழி எது, அதில் எந்த வழக்கு எண்டு எழுத இடம் இருக்கு. நான் வந்த காலத்தில் அது பி.ஐ.எப்., 2012 மார்கழியில் இருந்து பி.ஓ.சி. எண்டுறவை. தமிழ் எண்டு மட்டும் எழுதாமல் இலங்கைத் தமிழ் எண்டு எழுதுவியுங்கோ. மாத்தவேணும் எண்டால் விசாரணைக்குப் பத்து நாளுக்கு முன்னமாவது எழுத்தில் அறிவிக்கவேணும். விசாரணை ஒலிப்பதிவாகும். அதில் உங்கட தமிழும் இருக்கும், ஆங்கிலமும் இருக்கும். மேன்முறையீடு போனால் பெரும்பாலும் உங்களைத் திரும்பக் கூப்பிடாமல் அந்தப் பதிவையும் கடதாசியையும் வைச்சுத்தான் பார்ப்பினம். 2020க்குப் பிறகு கனக்க விசாரணை கணனித் திரையில் நடக்குது, சத்தம் வெட்டி வெட்டி வரும். கேட்காவிட்டால் கேட்கேல்லை எண்டு சொல்லுங்கோ. தலையாட்டாதேங்கோ. மற்றது, கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் எண்டு மொழிபெயர்ப்பாளரை முந்திக்கொண்டு ‘அக்சுவலி சேர்’ எண்டு தொடங்கிறவை இருக்கினம். தயவுசெய்து வேண்டாம்.

என்ர பேச்சு இவ்வளவுதான். கேள்வி இருந்தால் கேளுங்கோ.

(இதன் பின் சபையோர் சிலர் கேள்வி கேட்டனர். இரண்டை இங்கே தருகிறோம். – மலர்க்குழு)

ஒரு அம்மா: “அப்ப தம்பி, அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாதோ? எனக்கு வாயில் வந்திட்டுது.”

“ஏன் அம்மா, பஸ்ஸில, ரெலிபோனில, கலியாண வீட்டில தாராளமாச் சொல்லுங்கோ. டொக்ரரிட்டைப் போகேக்க மட்டும் கொஞ்சம் பாருங்கோ. ‘அக்சுவலி நெஞ்சு நோகுது’ எண்டால், முதல் வேற எங்கயோ நோகுது எண்டு சொன்னனியளோ எண்டு அவர் தன்ர கடதாசியைப் புரட்டிப் பார்ப்பார். ‘நெஞ்சு நோகுது, காலமை தொடங்கினது’ எண்டு நேரே சொல்லுங்கோ.”

செஜெப்பில் படிக்கும் ஒரு தங்கை: “அண்ணா, நீங்கள் ‘றியலி’ பற்றிச் சொன்னது பிரெஞ்சிலும் அப்பிடியே இருக்கு. ‘ஜ ந செ பா வ்றெமோன்’ எண்டால் வடிவாத் தெரியாது. ‘ஜ ந செ வ்றெமோன் பா’ எண்டால் ஒண்டுமே தெரியாது.”

“பார்த்தியளே, நான் ஆங்கிலத்தை மட்டும் வைச்சுக்கொண்டு இவ்வளவு நேரம் நிண்டனான். பிரெஞ்சில் விசாரணை எடுக்கிறவை இந்தப் பிள்ளையிட்டை இரண்டு வசனத்தையும் ஒரு கடதாசியில் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கோ. தங்கச்சி, நீங்கள் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கோ, ஆக்கள் வருவினம்.”